மாஸ்கோவில் கிடைத்தது பாதித் தங்கமா?



போன வாரம் 1994 பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. ஒருவன் எழுதினான்: "1980 மாஸ்கோ ஹாக்கி தங்கமெல்லாம் ஒரு தங்கமா? பெரிய டீம் எதுவுமே வரல, சும்மா கிடைச்சது." இன்னொருத்தி பொங்கிவிட்டாள்: "கேப்டன் நம்ம மெட்ராஸ்காரர் பாஸ்கரன், தெரியுமா?" பிறகு இருவருமே, "டீச்சர், நீங்க சொல்லுங்க" என்று என்னை இழுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஹாக்கி புழங்கியது அவர்களுக்குத் தெரியும். என் பெரிய அண்ணன் கல்லூரி அணியில் ஆடியவர். குழுவில் எழுதினால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், காபியோடு உட்காருங்கள்.

முதலில் ஆளைப் பற்றி. வாசுதேவன் பாஸ்கரன், 1950 ஆகஸ்ட் 17-இல் பிறந்தவர். லயோலா கல்லூரியில் படித்தவர். நம் மாம்பலம் ஸ்டேஷனில் பீச் பக்கம் போகும் வண்டி ஏறினால் கோடம்பாக்கம், அடுத்தது நுங்கம்பாக்கம். இறங்கினால் லயோலா. அதே வண்டியில் இன்னும் இரண்டு ஸ்டேஷன் உட்கார்ந்திருந்தால் எழும்பூர், அங்கேதான் இப்போதைய ஹாக்கி ஸ்டேடியம். நான் தினமும் போய் வந்த தடத்தில் இருந்து ஒருவர் ஒலிம்பிக் கேப்டன் ஆனார் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு தனிப் பெருமை உண்டு. அதையும் மீறித்தான் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அவர் ஆடிய இடம் ஹாஃப். இன்றைய பிள்ளைகள் மிட்ஃபீல்டர் என்பார்கள். அந்தக் காலத்து ஹாக்கியில் முன்னால் ஐந்து ஃபார்வர்டு, நடுவில் மூன்று ஹாஃப், பின்னால் இரண்டு ஃபுல்பேக், கடைசியில் கோல்கீப்பர். ஃபார்வர்டு கோல் போடுவார், மறுநாள் பேப்பரில் பெயர் வரும். கோல்கீப்பர் பந்தைத் தடுத்தால் போட்டோ வரும். ஹாஃப் மட்டும் எழுபது நிமிடமும் முன்னாலும் பின்னாலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரியிடமிருந்து பந்தைப் பிடுங்கி நம் ஃபார்வர்டுக்குக் கொடுத்துவிட்டு, அவர் இழந்தால் மறுபடி பிடுங்கப் பின்னால் ஓட வேண்டும். கல்யாண வீட்டில் சமையல்கட்டுக்கும் பந்திக்கும் நடுவே வாளியோடு ஓடுகிறவர் மாதிரி. சாப்பாடு நன்றாக இருந்தால் சமையல்காரருக்குப் பாராட்டு, இவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என் அண்ணனும் ஹாஃப்தான். அதனால் எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு மரியாதை அதிகம்.

பாஸ்கரனின் கதையை மாஸ்கோவில் ஆரம்பித்தால் பாதிதான் புரியும். 1976 மான்ட்ரியலில் ஆரம்பிக்க வேண்டும்.

1975 மார்ச்சில் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று தோற்கடித்து இந்தியா உலகக் கோப்பையை வென்றது. அந்த அணியில் நம் ஊர் வி.ஜே. பிலிப்ஸ் இருந்தார், பாஸ்கரன் இல்லை. அடுத்த வருடம் மான்ட்ரியல் ஒலிம்பிக் அணியில் பிலிப்ஸோடு பாஸ்கரனும் இடம்பிடித்தார். உலக சாம்பியன் என்ற பட்டத்தோடு போன அணி. ஆனால் அங்கே முதல் முறையாக ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரையில் நடந்தது. நம் பிள்ளைகள் பழகியது புல்லிலும் செம்மண்ணிலும். மேடுபள்ளமான தரையில் பந்து எகிறும், திசை மாறும். அங்கே மணிக்கட்டு வித்தை தெரிந்தவன் ராஜா. செயற்கைத் தரையில் பந்து கோடு போட்ட மாதிரி நேராக, வேகமாக ஓடும். அதை நிறுத்த வித்தை குறைவாகவும், துரத்த மூச்சு அதிகமாகவும் வேண்டும். ஆஸ்திரேலியா நம்மை 6-1 என்று அடித்தது. நெதர்லாந்திடமும் தோற்றோம். கடைசியில் ஏழாவது இடம். 1928-இல் இருந்து ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஏதாவது ஒரு பதக்கத்தோடு திரும்பிய அணி முதல் முறையாக வெறுங்கையோடு வந்தது.

அந்த மான்ட்ரியல் அணியில் இருந்தவர்களில் இரண்டே பேர்தான் 1980-இல் மாஸ்கோவுக்குப் போனார்கள். ஒருவர் கோல்கீப்பர் பீர் பகதூர் சேத்ரி. இன்னொருவர் பாஸ்கரன். மீதி எல்லோருக்கும் அதுவே முதல் ஒலிம்பிக். வாரணாசிப் பையன் முகமது ஷாகித்துக்கு இருபது வயதுதான். குடகு நாட்டு சோமையா, ஜார்க்கண்ட் சிம்டேகா பக்கத்து சில்வானஸ் டுங்டுங், ஜாஃபர் இக்பால், மெர்வின் பெர்னாண்டஸ், சுரீந்தர் சிங் சோதி, எம்.கே. கௌஷிக் என்று நாட்டின் எல்லா மூலையில் இருந்தும் வந்தவர்கள். இவர்களை நடத்திக்கொண்டு போகும் பொறுப்பு முப்பது வயதை எட்டப்போகும் பாஸ்கரனுக்கு.

இப்போது அந்த மாணவன் சொன்னதற்கு வருகிறேன். அவன் சொன்ன விவரம் சரி. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அதைக் கண்டித்து அமெரிக்கா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, பல நாடுகள் பின்னால் போயின. ஹாக்கியில் இதனால் யார் யார் வரவில்லை என்று பார்ப்போம். 1978 உலகக் கோப்பையில் முதலிடம் பாகிஸ்தான், இரண்டாவது நெதர்லாந்து, மூன்றாவது ஆஸ்திரேலியா, நான்காவது மேற்கு ஜெர்மனி. இந்த நால்வரும் மாஸ்கோவில் இல்லை. மான்ட்ரியலில் தங்கம் வென்ற நியூசிலாந்தும் இல்லை. அந்த உலகக் கோப்பையில் ஐந்தாவது வந்தது ஸ்பெயின், ஆறாவது வந்தது இந்தியா. மாஸ்கோ இறுதி ஆட்டத்தில் மோதியவர்கள் இந்த ஐந்தாவதும் ஆறாவதும்தான். இதை மறைத்துவிட்டுப் பெருமை பேசினால் அது வரலாறு இல்லை.

மொத்தம் ஆறு அணிகள். தான்சானியாவும் கியூபாவும் வராதவர்களின் இடத்தை நிரப்ப அழைக்கப்பட்டவை. தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0 என்று அடித்தோம். இந்த ஸ்கோரைப் பார்த்துத்தான் "சும்மா கிடைத்தது" என்கிறார்கள்.

சரி, கணக்கு போடுவோம். (நான் சமூக அறிவியல் டீச்சர்தான், கூட்டல் கழித்தல் தெரியும்.) ஆறு ஆட்டத்தில் இந்தியா போட்டது 43 கோல். அதில் 31 இந்த இரண்டு ஆட்டத்தில். அவற்றை எடுத்துவிடுங்கள். மீதி நான்கு ஆட்டம்: போலந்துடன் 2-2, ஸ்பெயினுடன் 2-2, சோவியத் அணியுடன் 4-2, இறுதியில் ஸ்பெயினுடன் 4-3. போட்டது 12, வாங்கியது 9. நான்கில் இரண்டு டிரா. தங்கத்துக்கும் வெறுங்கைக்கும் நடுவே மூன்று கோல். இதில் சும்மா கிடைத்தது எங்கே இருக்கிறது?

சோவியத் ஆட்டத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அது லீக்கில் கடைசி ஆட்டம். இரண்டு டிரா செய்துவிட்டு நிற்கிறோம். எதிரில் அவர்கள் ஊர், அவர்கள் ஜனம். அங்கே 4-2 என்று வென்ற பிறகுதான் இறுதிக்குள் நுழைந்தோம்.

1980 ஜூலை 29, செவ்வாய்க்கிழமை. இடைவேளையில் இந்தியா 2-0. இரண்டும் சோதி போட்டவை. பிறகு கௌஷிக் ஒன்று, 3-0. முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்போது ஸ்பெயினின் ஹுவான் அமாத் என்பவர் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டார், 3-2. இந்த மாதிரி நேரத்தில்தான் இளம் அணிகள் உதறிப்போகும். ஷாகித் ஒன்று போட்டு 4-2 ஆக்கினார். அமாத் விடவில்லை, மூன்றாவதையும் போட்டார், 4-3. மீதி நிமிடங்கள் முழுவதும் ஸ்பெயின் நம் கோல் வாசலில். தடுத்துத் தடுத்து வெளியே தள்ளினார்கள். கேப்டனும் சேத்ரியும் நான்கு வருடம் முன்னால் ஆறு கோல் வாங்கிய ஊரைப் பார்த்தவர்கள். அந்தக் கடைசி நிமிடங்களில் மற்றவர்களைக் கட்டிப்பிடித்து நிறுத்தியது அந்த அனுபவம்தான் என்பது என் அபிப்பிராயம். ஸ்கோர்போர்டில் ஹாஃப் பெயர் வராது என்று முன்பே சொன்னேன் அல்லவா.

நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். எங்கள் வீட்டில் டிவி கிடையாது, மர்ஃபி ரேடியோதான். செய்தியைக் கேட்டதும் அண்ணன் போட்ட சத்தத்தில் மாடி வீட்டு மாமி என்னவோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டார். "ஹாக்கியில ஜெயிச்சதுக்கா இப்படி?" என்று கேட்டுவிட்டு, போகும்போது, "பாஸ்கரன்னா நம்ம பக்கத்துப் பையனா?" என்றும் கேட்டார். அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அது. இன்னொன்றையும் பெண் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். பெண்கள் ஹாக்கி ஒலிம்பிக்கில் முதல் முறையாக இடம்பெற்றதும் மாஸ்கோவில்தான். நம் பெண்கள் அணி நான்காவது வந்தது. தங்கம் ஜிம்பாப்வேக்கு. அவர்களும் வராதவர்களுக்குப் பதிலாகப் போனவர்கள்தான். ஜிம்பாப்வேயில் யாரும் அதைப் பாதித் தங்கம் என்று சொல்வதாக நான் கேள்விப்படவில்லை.

பாதித் தங்கம் என்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. 1932 லாஸ் ஏஞ்சலஸ் தங்கத்தை நாம் தியான்சந்த் காலத்துப் பொற்காலம் என்று கொண்டாடுகிறோம். அமெரிக்காவை 24-1, ஜப்பானை 11-1. அங்கே மொத்தம் எத்தனை அணி தெரியுமா? மூன்று. இந்தியா, ஜப்பான், அமெரிக்கா, அவ்வளவுதான். 1928, 1932, 1936 மூன்றிலும் பிரிட்டன் ஹாக்கி ஆட வரவே இல்லை. சுதந்திரம் வந்த பிறகு 1948-இல் லண்டன் இறுதியில்தான் அவர்களை ஒலிம்பிக்கில் சந்தித்தோம், 4-0 என்று வென்றோம். வராதவனைக் கழித்துக்கொண்டே போனால் எட்டு தங்கத்தில் எத்தனை மிஞ்சும்? தியான்சந்துக்கு ஒரு தராசு, பாஸ்கரனுக்கு ஒரு தராசா?

வகுப்பில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எப்போதும் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளைக்கு அரையாண்டுத் தேர்வு நேரத்தில் அம்மை போட்டுவிடும். அந்தத் தடவை வேறொரு பிள்ளை முதல் ரேங்க் வாங்கும். உடனே பின் பெஞ்சில் இருந்து, "அவ வரல, அதான்" என்று குரல் வரும். ரேங்க் கார்டில் நான் "1" என்றுதான் எழுதுவேன். பக்கத்தில் "இன்னார் வராததால்" என்று எழுதச் சொல்லி எந்தத் தலைமையாசிரியரும் கேட்டதில்லை. தேர்வு எழுதியது அந்தப் பிள்ளைதானே.

அதே சமயம் அடுத்த தேர்வில் என்ன நடந்தது என்பதையும் டீச்சர் பார்த்தாக வேண்டும். 1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதியில், நம் ஊரிலேயே, பாகிஸ்தான் நம்மை 7-1 என்று அடித்தது. 1984-இல் ஐந்தாம் இடம். மாஸ்கோ தங்கம் நம் ஹாக்கி மறுபடி எழுந்துவிட்டது என்ற ஒரு மயக்கத்தைக் கொடுத்தது உண்மை. செயற்கைத் தரைகள் ஊர் ஊராக வர வேண்டிய காலத்தில் நாம் பழைய பெருமையில் உட்கார்ந்திருந்தோம். இது ஆடியவர்களின் குற்றம் இல்லை.

பாஸ்கரனுக்கு அர்ஜுனா விருது, 1981-இல் பத்மஸ்ரீ எல்லாம் வந்தன. அத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அவர் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார், 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு. அங்கே நடந்ததுதான் எனக்கு மாஸ்கோவைவிட அதிகமாக மனதில் நிற்கிறது.

சிட்னியில் யாரும் புறக்கணிக்கவில்லை, எல்லாப் பெரிய அணியும் உண்டு. அர்ஜென்டினாவை 3-0 என்று வென்றோம். ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 2-2 என்று நிறுத்தினோம். தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. ஸ்பெயினை 3-2 என்று வென்றோம். கடைசி ஆட்டம் போலந்துடன். ஜெயித்தால் அரையிறுதி. அணியில் புனே கட்கியில் பிறந்த தமிழ்ப் பிள்ளை தன்ராஜ் பிள்ளை இருந்தார், நம் சென்னை முகமது ரியாஸ் இருந்தார். இந்தியா ஒரு கோல் போட்டு 1-0. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் கூட இல்லை. போலந்து சமன் செய்தது. 1-1. அவ்வளவுதான், அரையிறுதி போயிற்று. நமக்குப் பதிலாக உள்ளே போன தென்கொரியா இறுதி வரை போய் வெள்ளியோடு திரும்பியது. நாம் ஏழாவது இடம்.

மாஸ்கோவிலும் போலந்துடன் டிராதான் செய்தோம் என்பதை மேலே பார்த்தீர்கள். அங்கே அது மன்னிக்கப்பட்டது, ஏனென்றால் ஈடுகட்ட இன்னொரு ஆட்டம் பாக்கி இருந்தது. இருபது வருடம் கழித்து அதே போலந்து, அதே டிரா, இந்தத் தடவை அதுவே கடைசி ஆட்டம். 1980-இல் அவருக்கு அதிர்ஷ்டம் துணை செய்தது என்று சொல்பவர்கள், 2000-இல் அதே அதிர்ஷ்டம் வட்டியோடு திருப்பி வாங்கிக்கொண்டதையும் எழுத வேண்டும் அல்லவா? ஒரு பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு மூடிவைத்தால் எப்படி?

அன்று ஆட்டம் முடிந்ததும் நான் டிவியை அணைத்துவிட்டு இரவு சமையலைக்கூடத் தொடவில்லை. அண்ணன் ஃபோன் செய்து, "கடைசி ரெண்டு நிமிஷம் பந்தை மூலைக்குக் கொண்டுபோய் வச்சிருக்கணும்மா" என்று அரைமணி நேரம் புலம்பினார். ஹாஃப் ஆடியவர்களின் புலம்பல் அது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த இன்னொரு ஹாஃபுக்கு உள்ளே இறங்கிப் பந்தைப் பிடித்து வைக்க முடியாதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

2006 உலகக் கோப்பைக்கும் அவரே பயிற்சியாளர். அங்கே பன்னிரண்டு அணிகளில் பதினோராவது. அதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் பயிற்சியாளர்களை மாற்றிய வேகத்தில் யார் வந்தாலும் கஷ்டம்தான்.

பாஸ்கரனுக்குப் பிறகு ஒலிம்பிக் ஹாக்கியில் தங்கம் வென்ற இந்தியக் கேப்டன் இன்றுவரை இல்லை. அடுத்த பதக்கத்துக்கே 41 வருடம் ஆயிற்று. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம். பிறகு 2024 பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று வென்று இன்னொரு வெண்கலம். டோக்கியோ வெற்றிக்குச் சில மாதம் முன்னால், 2021 மே 8 அன்று, மாஸ்கோ அணியின் கௌஷிக்கும் ரவீந்தர் பால் சிங்கும் ஒரே நாளில் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார்கள். ஷாகித் 2016-லேயே போய்விட்டார்.

தமிழ்நாட்டில் இருந்து பாஸ்கரனுக்கு முன்பும் ஆட்கள் உண்டு. 1968 மெக்ஸிகோ வெண்கல அணியில் கோல்கீப்பர் முனீர் சேட், அதிலும் 1972 மியூனிக்கிலும் கிருஷ்ணமூர்த்தி பெருமாள். 1978 உலகக் கோப்பைக்கு இந்தியக் கேப்டன் வி.ஜே. பிலிப்ஸ். பின்னால் ரியாஸ், ஆடம் சின்கிளேர். இப்போது அரியலூரின் கார்த்தி செல்வம், கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேல். கோவில்பட்டி என்றால் உங்களுக்குக் கடலைமிட்டாய் ஞாபகம் வரும், அங்கே ஹாக்கி அதைவிடப் பிரசித்தம்.

2023 ஆகஸ்ட் 12 அன்று எழும்பூர் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி. மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி இருந்து, 4-3 என்று இந்தியா வென்றது. மாஸ்கோவின் அதே ஸ்கோர். அணியில் கார்த்தி செல்வம் இருந்தான். (அவனும் எனக்கு "அவன்" தான், கோபித்துக்கொள்ள மாட்டான்.) என் முட்டி வலியோடு ஸ்டேடியப் படி ஏற முடியாது என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள், டிவியில்தான் பார்த்தேன். கூட்டம் போட்ட சத்தத்தைக் கேட்டபோது போகாமல் விட்டோமே என்று இருந்தது.

எழும்பூர் பக்கம் வசிக்கும் என் மாணவர்கள் யாராவது அடுத்த முறை அங்கே ஆட்டம் நடக்கும்போது உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கிரிக்கெட் டிக்கெட் மாதிரி அடித்துப்பிடித்து வாங்க வேண்டியதில்லை. உட்கார்ந்ததும் கோல் போடுகிறவனை விட்டுவிட்டு, நடுவில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒருவனைத் தேர்ந்தெடுத்து ஒரு கால் மணி நேரம் அவனை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். என்ன பார்த்தார்கள் என்று கீழே கமெண்ட்டில் எழுதுங்கள், நான் படிப்பேன்.